சில்லு சுத்துது, கார் நிக்குது: ஸ்நோக் காலத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

டிசம்பர் பிறந்தால் எனக்கு வரும் அழைப்புகள் ஒரே மாதிரித்தான் தொடங்கும். "அண்ணை, சில்லு சுத்துது, கார் நிக்குது." நான் மெக்கானிக் இல்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருபத்தைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன். அதில் முதல் ஆறு வருடம் இரவில் பேப்பர் போட்டேன். விடியப்புறம் இரண்டு மணிக்கு, ஸ்நோ தள்ளும் லொறி வர முதல், வாசல் வாசலாக நிறுத்தி எடுப்பவனுக்கு எந்தக் கார் எங்கே புதையும் என்பது தானாகவே பிடிபட்டுவிடும். முதலில் ஒரு பழைய ரியர் வீல் வான் (பின்சில்லு மட்டும் இழுப்பது), பிறகு இரண்டு ஃப்ரண்ட் வீல் கொரோலா (முன்சில்லு மட்டும்), இப்போது ஓல் வீல் (நாலு சில்லும்). எல்லாவற்றிலும் புதைந்திருக்கிறேன்.

அழைப்பவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கார் கிளம்ப மாட்டேன் என்கிறதா, நிற்க மாட்டேன் என்கிறதா, திரும்ப மாட்டேன் என்கிறதா? எஞ்சினின் பலம் எந்தச் சில்லுக்குப் போகிறது என்பது கிளம்புவதற்கு மிகவும் முக்கியம். நிற்பதற்கு அதனால் ஒன்றும் ஆகாது. எல்லாக் காரிலும் பிரேக் நாலு சில்லிலும்தான் இருக்கிறது. அதே ரயர், அதே எடை என்றால் ஓல் வீல் கார் ஒரு அடிகூட முந்தி நிற்காது. திரும்புவது இந்த இரண்டுக்கும் இடையில் கிடக்கிற விஷயம். உங்கள் சிக்கல் எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் ரயர்

ரயரின் பக்கச் சுவரில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு ஸ்நோத் துகளும் போட்ட சின்னம் இருக்கிறதா? இருந்தால் அது ஸ்நோவில் சோதித்துத் தேறிய ரயர். "எம் பிளஸ் எஸ்" என்ற எழுத்து மட்டும் இருந்தால் நம்பிவிடாதீர்கள். அது தடத்தின் வடிவத்தைச் சொல்லும் அடையாளம், பெரும்பாலான ஓல் சீசன் ரயர்களில் இருக்கும். ஓல் சீசன் ரப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். மைனஸ் 15இல் விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பெயரில் கிட்டத்தட்ட ஒன்றாக ஒலிக்கும் ஓல் வெதர் ரயர் வேறு சாதி; அதில் மலைச் சின்னம் இருக்கும், வருடம் முழுக்க ஓடலாம்.

தடத்தின் ஆழம் 4 மி.மீற்றரை நெருங்கிவிட்டால் அந்த ரயரை ஸ்நோவுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று கனடியப் போக்குவரத்து அமைச்சே சொல்கிறது. சட்டப்படி ஓடலாம் என்பது வேறு கதை.

அடுத்தது காற்று. வெப்பநிலை 5, 6 பாகை இறங்கினால் ரயரின் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறையும். அக்டோபரில் 15 பாகையில் 33 அடித்துவிட்டு மறந்துபோனவரின் ரயரில், மைனஸ் 20 காலையில் 27தான் இருக்கும். டாஷ்போர்டில் எரியும் அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்து "சென்சர் பழுது" என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்குக் காற்றுத்தான் குறைவு.

கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி முதல், வின்ரர் ரயர் போட்டவருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுத்தே ஆகவேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். பலர் கேட்பதில்லை.

அறிகுறி: ட்ரைவ்வேயை விட்டு வெளியே வரவில்லை, ஒரு சில்லு மட்டும் சுற்றுகிறது

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். இரவு 20 சென்றிமீற்றர் கொட்டியிருக்கும். நீங்கள் நாலு மணிக்கே எழுந்து சவலால் தள்ளி முடித்திருப்பீர்கள். ஐந்து மணிக்கு மாநகர லொறி வந்து வீதியில் கிடந்ததை எல்லாம் வாரி உங்கள் வாசலில் அணைபோல் கட்டிவிட்டுப் போகும். அந்த அணை சாதாரண ஸ்நோ போல் பஞ்சாக இராது; அமுங்கி, உப்புத் தண்ணீர் ஊறி, இரண்டு மணித்தியாலத்தில் சீமெந்துபோல் ஆகிவிடும். அதை ஏறிக் கடந்துவிடலாம் என்று நினைத்துப் பின்னுக்கு எடுத்தவர்கள்தான் என்னை அழைப்பார்கள்.

முதல் வேலை: காஸிலிருந்து காலை எடுங்கள். சுற்றுகிற சில்லு ஸ்நோவை உருக்கும். உருகியது உடனே உறைந்து ரயருக்கு அடியில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை வார்க்கும். ஒவ்வொரு மிதிக்கும் கிண்ணம் ஆழமாகும். இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் (ஒரே அச்சின் இரண்டு சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரம்) உள்ள காரில் ஒரு சில்லு நின்று மற்றது சுற்றினால், ஸ்பீடோமீற்றர் 40 காட்டும்போது சுற்றும் சில்லு 80 வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கலாம். ரயர் வெடித்த கதைகள் அப்படித்தான் நடக்கின்றன. அந்த நேரம் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருப்பது உங்கள் தம்பியாக இருக்கும்.

இரண்டாவது: இறங்கிக் காரின் வயிற்றைப் பாருங்கள். அடியில் ஸ்நோ இறுகி, கார் அதன்மேல் குந்திக்கொண்டிருந்தால் சில்லுகளுக்குப் பாரமே இல்லை. அப்படியான நேரத்தில் ஃப்ரண்ட், ரியர், ஓல், எதுவும் உதவாது. சவலை எடுத்து வயிற்றுக்குக் கீழே தோண்டுவது ஒன்றுதான் வழி. 2022 ஜனவரி 17ஆம் திகதி ரொறன்ரோவில் பார்த்தோமே: டொன் வலி, கார்டினர் என்ற இரண்டு நெடுஞ்சாலைகளையும் மூடினார்கள், பேருந்துகள் நூற்றுக்கணக்கில் வீதி வீதியாகப் புதைந்தன. அன்றைக்கு எங்கள் தெருமுனையில் குந்தியிருந்த நாலு வாகனத்தில் மூன்று ஓல் வீல்.

வயிறு தொடவில்லை என்றால், இனி சில்லுக்குச் சில்லு வேறு வைத்தியம்.

ஃப்ரண்ட் வீல் காரில் எஞ்சினின் பாரம் இழுக்கும் சில்லுகளின் மேலேயே இருக்கிறது; எடையில் ஏறக்குறைய 60 வீதம் முன்னுக்கு. அதனால்தான் ஒரு சாதாரண சிவிக் ஸ்நோவில் இவ்வளவு தைரியமாகப் போகிறது. ஸ்ரியரிங்கை நேராக்குங்கள். திருப்பி வைத்த சில்லு முன்னால் உள்ள ஸ்நோவை உழும், உருளாது. முன்சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு முழம் தோண்டுங்கள்.

ரியர் வீல் என்றால் பின்சில்லுகளைத் தோண்டுங்கள், பின்னுக்குப் பாரம் ஏற்றுங்கள். பழைய வானுக்கு நான் மணல் மூட்டை நாலு வைத்திருந்தேன். மூட்டையை வைக்கும் இடம் பின் அச்சுக்கு நேர் மேலே. கதவோரம் வைத்தால் முன்பக்கம் தூக்கி ஸ்ரியரிங் இலேசாகிவிடும். கட்டியும் வைக்கவேண்டும். சடுதியாகப் பிரேக் பிடித்தால் 30 கிலோ மூட்டை உங்கள் கழுத்தை விசாரிக்க வரும். வெறும் பெட்டியோடு ஓடும் பிக்கப் லொறிகளும் இந்தச் சாதிதான்.

ஓல் வீலில் நாலு சில்லையும் தோண்டவேண்டும். அது எத்தனை பேருக்குத் தோன்றுவதில்லை!

இப்போது ட்ரக்ஷன் கொன்றோலை நிறுத்துங்கள். வழுக்கும் கோட்டில் கார் சறுக்கும் படம் போட்ட பொத்தான். சில்லு சுற்றத் தொடங்கியதும் எஞ்சினை அமத்துவது அதன் வேலை; வீதியில் அது காவல் தெய்வம், குழியில் அது உங்கள் காலைப் பிடித்து இழுக்கும். நிறுத்திவிட்டுத் தாலாட்டுங்கள்: டியில் போட்டுக் கொஞ்சம் காஸ், கார் முன்னுக்கு ஒரு அடி போனதும் காலை எடுத்துப் பின்னுக்கு உருளவிடுங்கள், நின்றதும் ஆரில் போட்டுக் கொஞ்சம் காஸ். ஊஞ்சலை ஆட்டுவது போல. முழுதாக நின்ற பிறகே கியர் மாற்றவேண்டும். சிவிரி கியர் (படிகள் இல்லாமல் வேகம் மாற்றும் தானியங்கிக் கியர்) உள்ள காரை ஐந்து நிமிடத்துக்கு மேல் இப்படி வதைக்கவேண்டாம், எண்ணெய் சூடேறி உள்ளே கெட்டுவிடும். அதற்குள் வராவிட்டால் மணல், இல்லாவிட்டால் உருண்டை பிடிக்காத பூனை மணல், அதுவும் இல்லாவிட்டால் கால்மிதி. கால்மிதி போட்டால் பின்னால் ஆள் நிற்கக்கூடாது. அது பறந்து வரும். வெளியே வந்ததும் ட்ரக்ஷன் கொன்றோலைத் திரும்பப் போடுங்கள்.

எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து உதவிக்குக் காத்திருப்பவர் முதலில் புகைக்குழாயைச் சுற்றித் தோண்டவேண்டும். அடைபட்டால் காபன் மொனொக்சைட் உள்ளே வரும். மணமே இராது.

அறிகுறி: மேட்டில் பாதி ஏறி நிற்கிறது

மோர்னிங்சைட் வீதி ஹைலாண்ட் கிறீக் பள்ளத்துக்குள் இறங்கி ஏறும் இடத்தில் இதைப் பார்க்கலாம். ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சாயும்; ஃப்ரண்ட் வீலுக்கு அதுவே எதிரி, முன்சில்லு இலேசாகிச் சுற்றும். ரியர் வீலுக்கு அது கொஞ்சம் அனுகூலம், ஆனால் வாங்கிய பலம் முழுவதையும் ஒரு பக்கம் வழுக்கித் தொலைக்கும். ஓல் வீல் தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம் இந்த மேடுதான்.

அடிவாரத்தில் முன்னால் போகிறவர் உச்சி தாண்டும்வரை காத்திருங்கள். பிறகு ஒரே சீரான வேகத்தில் ஏறுங்கள். நடுவில் நிற்கவோ கூட்டவோ வேண்டாம். ஸ்நோ பொத்தான் இருந்தால் போடுங்கள், பல கார்களில் அது இரண்டாம் கியரில் கிளம்பவைத்துக் காஸின் கூர்மையைக் குறைக்கும். பாதியில் நின்றுபோனால் முண்டாதீர்கள். மெல்லப் பின்னுக்கு நேராக இறங்கி மறுபடி தொடங்குங்கள், பின்னால் வாகனம் இல்லாவிட்டால்.

அறிகுறி: பிரேக் மிதித்தால் கால் அதிர்கிறது, கறகற என்கிறது, கார் நிற்கவில்லை

பழுதில்லை. அது ஏபிஎஸ். சில்லு பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை ஒரு வினாடிக்குள் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கிறது. அந்த அதிர்ச்சியில் பயந்து காலை எடுப்பவர்கள்தான் முன்னால் நிற்பவரின் பம்பரில் போய் முடிகிறார்கள். அழுத்தியபடி வையுங்கள், ஸ்ரியரிங்கைப் பாவியுங்கள். ஏபிஎஸ் உங்களுக்குத் தருவது அந்தத் திருப்பும் உரிமையைத்தான். ஆழமான புதுஸ்நோவில் அது நிற்கும் தூரத்தைக் குறைக்காது, சில வேளை கூட்டவும் செய்யும்.

ஒரு கணக்கு. 50 கி.மீ. வேகத்தில், காய்ந்த தாரில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 14 மீற்றரில் நிற்கலாம். இறுகிய ஸ்நோவில் ஏறக்குறைய 50 மீற்றர். வழவழப்பான ஐஸில் 100 மீற்றர், அதாவது ஒரு உதைபந்தாட்ட மைதானத்தின் நீளம். உராய்வு எண்ணை 0.7, 0.2, 0.1 என்று வைத்து நானே போட்ட கணக்கு. உங்கள் மூளை விழித்துக் காலை நகர்த்தும் நேரம் இதில் சேரவில்லை. இதில் எங்காவது எத்தனை சில்லு இழுக்கிறது என்று வந்ததா?

வெப்பமானியையும் பாருங்கள். மைனஸ் 20 ஐஸைவிடப் பூச்சியத்தை ஒட்டிய ஐஸ் மோசம், மேலே மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கும். ஆனால் மைனஸ் 20 நாளில் வேறு தொல்லை: வீதி உப்பு மைனஸ் 12க்குக் கீழே சோர்ந்துபோகும், வெள்ளை வெள்ளையாகவே கிடக்கும். பாலங்களும் 401 நெடுஞ்சாலையின் ஏறு பாதைகளும் கீழிருந்தும் குளிர்வதால் முதலில் உறையும். கறுப்பாக, ஈரம் மாதிரித் தெரியும் தார். முன்னால் போகும் காரின் ரயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை. அப்படியானால் அது ஈரமில்லை, பிளாக் ஐஸ்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இதிலே தனி அறிகுறி உண்டு. "நேற்றுக் காலை எடுத்தால் தானாக நின்ற கார், இன்று விடிய உருண்டுகொண்டே போகிறது." பற்றறி விறைத்திருந்தால் அது மின்னைத் திருப்பி வாங்க மறுக்கும், ஆகவே கால் எடுத்ததும் கிடைக்கும் அந்த இழுவை குறைந்துவிடும். பிரேக் பெடல் ஒன்று இருப்பதை ஞாபகம் வைத்து மிதியுங்கள். புறப்பட முதல் சுவரில் செருகியபடி காரைச் சூடாக்கினால் இந்தத் தொல்லை பெருமளவு போகும்.

அறிகுறி: ஸ்ரியரிங்கைத் திருப்பினேன், கார் நேரே போகிறது

ஃப்ரண்ட் வீலிலும், ஃப்ரண்ட் வீலை அடித்தளமாக வைத்துச் செய்த ஓல் வீலிலும் வரும். நம் கை தானாகச் செய்வது இன்னும் கூடத் திருப்புவது, அது பிழை. முன்ரயரின் பிடி ஒரு குடம் தண்ணீர் என்றால், அதிலே பிரேக்குக்கும் ஊற்றவேண்டும், திருப்புவதற்கும் ஊற்றவேண்டும். பிரேக் முழுவதையும் குடித்துவிட்டால் திருப்ப ஒரு சொட்டும் மிஞ்சாது. காஸை விடுங்கள், பிரேக்கையும் கொஞ்சம் இளக்குங்கள், ஸ்ரியரிங்கைச் சற்றுத் திரும்ப நேராக்குங்கள். வேகம் கொஞ்சம் விழுந்ததும் முன்சில்லு "கடிக்கும்". உள்ளங்கையில் அது தெரியும். பிறகு மெல்லத் திருப்புங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடித்திருந்தால் இந்தப் பந்தி தேவைப்பட்டிராது.

அறிகுறி: பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கிறது

இதற்கு மூன்று மூலம் உண்டு.

ஒன்று, ரியர் வீல் காரில் வளைவில் காஸ் கூடியது. பின்சில்லு சுற்றி, வால் விலகும். காஸை மெல்ல விடுங்கள். வால் வலப்பக்கம் போனால் ஸ்ரியரிங்கும் வலப்பக்கம். வால் நேராகி வரும்போது ஸ்ரியரிங்கையும் கூடவே திருப்பிக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் மற்றப் பக்கம் வீசும். முதல் வீச்சைவிட இரண்டாவது வீச்சுத்தான் ஆட்களைக் குழிக்குள் கொண்டுபோவது. கண் போகவேண்டிய இடத்தில் இருக்கட்டும். மின்கம்பத்தைப் பார்த்தால் கை உங்களைக் கம்பத்துக்கே கூட்டிக்கொண்டு போகும். கனடாவில் 2011 செப்டம்பருக்குப் பிறகு செய்த கார்களில் ஸ்ரெபிலிற்றி கொன்றோல் (சறுக்கினால் காரே தனித்தனிச் சில்லுக்குப் பிரேக் பிடித்து நேராக்கும் வசதி) கட்டாயம் என்பதால் இந்த வேலையின் பெரும்பகுதியைக் கார் தானே செய்யும். பழைய கார் என்றால் எல்லாம் உங்கள் கையில்.

இரண்டு, பின்சில்லு மட்டும் இழுக்கும் மின்சாரக் கார். ஐஸில் காஸிலிருந்து சடாரென்று காலை எடுத்தால் மின்மோட்டர் பின்சில்லை மட்டும் பிடித்து நிறுத்தப் பார்க்கும். ஹான்ட் பிரேக் இழுத்தது போலத்தான். கார் அதைக் கவனித்து விட்டுக்கொடுக்கும், என்றாலும் ஒரு உலுக்கு உலுக்கும். அந்த மின் இழுவையைக் குறைக்கும் வசதி இருந்தால் ஸ்நோ நாளில் குறைத்து வையுங்கள், காலையும் மெல்ல எடுங்கள்.

மூன்றாவது என் சொந்த முட்டாள்தனம். முதல் கொரோலா வாங்கிய வருடம் கையில் காசு இல்லை. இழுப்பது முன்சில்லுதானே, முன்னுக்கு மட்டும் இரண்டு வின்ரர் ரயர் போட்டால் போதும் என்று நினைத்தேன். ரயர் கடையில் நின்ற பொடியனும் "ஓம் அண்ணை, காணும்" என்றான். ஒரு மாதம் அருமையாக ஓடியது. கிளம்பும், ஏறும், ஒரு குறையும் சொல்லமுடியாது. ஒரு நாள் விடிய மூன்று மணிக்கு ஒரு சாதாரண வலது திருப்பத்தில் பிரேக்கை இலேசாகத் தொட்டேன். முன்பக்கம் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. பின்பக்கம் ஓல் சீசனில் சுழன்று வந்தது. பின் இருக்கையில் அடுக்கியிருந்த பேப்பர் கட்டு எல்லாம் என் தோளுக்கு மேலால் பறந்து முன்கண்ணாடியில் விழுந்தது. கார் நின்றபோது நான் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீதியில் யாரும் இல்லாததால் இன்று இதை எழுதுகிறேன். நாலும் போடுங்கள், அல்லது ஒன்றும் போடாமல் பேருந்தில் போங்கள். இரண்டு ரயர்தான் கொஞ்சம் புதிது என்றால் அந்த இரண்டும் பின்னுக்கு.

அறிகுறி: ஓல் வீல் வாங்கியும் வழுக்குகிறது

"ஐம்பதாயிரம் குடுத்து வாங்கினனான், சிவிக்காரன் என்னைத் தாண்டிப் போறான்." அந்தச் சிவிக்காரன் வின்ரர் ரயர் போட்டிருப்பான், நீங்கள் கடையில் வந்த ரயரோடேயே ஓடுவீர்கள். முக்கால்வாசிப் பேருக்குப் பதில் அதோடு முடிந்தது.

மிச்சம் உள்ளவர்களுக்கு: ஓல் வீல் என்று ஒரே பெயரில் விற்கும் சாமான் ஒரே சாமான் இல்லை. ஹொண்டா சிஆர்-வி போன்றவை பெரும்பாலான நேரம் முன்சில்லில் ஓடும். தேவை வரும்போது ஒரு மின் கிளச் பூட்டிப் பின்சில்லுக்கும் பலம் அனுப்பும். பல நிமிடம் புதைந்து சுற்றினால் அந்தக் கிளச் சூடேறித் தன்னைக் காப்பாற்றக் கழன்றுகொள்ளும், டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும். பழுதென்று பயப்படாமல் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். ரொயோற்றா ராவ்4 ஹைபிரிட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே தண்டே கிடையாது, பின்சில்லுக்குத் தனியாக ஒரு மின்மோட்டர். சிக்னலில் கிளம்ப அது தாராளம், ஆழமான அணையைக் கடக்க அதன் பலம் கொஞ்சம் மட்டு. சுபாருவில் பிஆர்இசட் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் தவிர மற்றவற்றில் பெரும்பாலானவை எப்போதும் நாலிலும் இழுக்கும். என் தீர்ப்பைக் கேட்டால், ரொறன்ரோ நகருக்குள் மட்டும் ஓடுபவருக்கு ஃப்ரண்ட் வீலும் நல்ல நாலு ரயரும் போதும். பாரி, ஒறிலியா பக்கம் வேலைக்குப் போகிறவர், ஏரியிலிருந்து வரும் ஸ்நோப் பட்டைக்குள் வாழ்கிறவர், ஓல் வீலுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஓல் வீல் காரில் ஒரு ரயர் வெடித்தால் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றாதீர்கள். புது ரயரின் சுற்றளவு கூட. மற்ற மூன்றும் தேய்ந்தவை. நாலும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற, அந்தக் கிளச் ஓய்வில்லாமல் உழைத்துத் தேயும். 200 டொலர் மிச்சம் பிடித்து ஆயிரக்கணக்கில் கட்டியவர்களை அறிவேன்.

அறிகுறி: பிக்கப் லொறி பார்க்கிங்கில் திருப்பும்போது துள்ளுகிறது

ஃபோர் வீலில் போட்டு மறந்துவிட்டீர்கள். பழைய முறையில் 4எச் (நாலு சில்லும் இழுக்கும் சாதாரண கியர்) போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிவிடும். வளைவில் முன்சில்லு பின்சில்லைவிடக் கூடத் தூரம் ஓடவேண்டும். ஸ்நோவில் அந்த வித்தியாசம் வழுக்கிக் கழிந்துவிடும், காய்ந்த தாரில் கழிய இடமில்லாமல் துள்ளும். உடனே 2எச்சுக்கு (இரண்டு சில்லு மட்டும்) மாற்றுங்கள். 4எல் (நாலு சில்லும் இழுக்கும் மெதுவான கியர்) புதைகுழியிலிருந்து ஊர்ந்து வெளியேற மட்டும்.

அறிகுறி: 80ஐத் தாண்டினால் ஸ்ரியரிங் நடுங்குகிறது

இது ஆட்களை மிகவும் பயப்படுத்தும், பெரும்பாலும் ஒன்றும் இராது. ஒரு முறை ஏயாக்ஸில் நத்தார் விருந்து முடித்துத் திரும்பும்போது 401இல் ஏறினேன். 70 மட்டும் ஒன்றுமில்லை. 85இல் கை இரண்டும் உதறியது, காப்பி கோப்பை தளும்பியது, மனைவி "இறங்குங்கோ, இறங்குங்கோ" என்றாள். அடுத்த வெளியேற்றத்தில் இறங்கி பெற்றோல் நிலையத்தில் நிறுத்திப் பார்த்தால், நாலு சில்லின் உட்பக்கத்திலும் ரிம்முக்குள் ஸ்நோ பிறைபோல் ஒரு பக்கமாக உறைந்திருந்தது. விருந்து நடந்த நாலு மணித்தியாலத்தில் கீழ்ப்பக்கம் வடிந்து உறைந்த பாரம். தும்புத்தடிக் காம்பால் குத்திக் குத்திக் கழற்றினேன். உள்ளங்கை மொத்தத்தில் ஒவ்வொரு துண்டாக விழுந்தது. மறுபடி ஏறினால் பட்டுப்போல் ஓடியது.

இதோடு குழப்பக்கூடாத ஒன்று: ரயர் மாற்றிய சில நாளுக்குள், எந்த வேகத்திலும், டொக் டொக் என்ற சத்தத்தோடு நடுக்கம் வந்தால் அது சில்லு நட்டு இளகியதாக இருக்கலாம். மேலே ஓடாதீர்கள், நின்று நட்டைப் பாருங்கள். ரயர் மாற்றி ஏறக்குறைய 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கடுங்குளிர்க் காலையில் முதல் இரண்டு கிலோமீற்றர் மட்டும் தட்டுத் தட்டு என்று ஓடினால், இரவு நின்ற இடத்தில் ரயர் தட்டையாக விறைத்திருக்கிறது. சூடேறினால் தானே உருண்டையாகும்.

சில்லறை அறிகுறிகள்

முன்னால் ராடர் வேலை செய்யவில்லை என்ற செய்தி: பம்பரிலோ கிரில் சின்னத்திலோ ஸ்நோ அப்பியிருக்கிறது, துடையுங்கள். குரூஸ் கொன்றோலை எப்படியும் ஸ்நோவில் போடவேண்டாம். வழுக்கும் இடத்தில் அது காஸைக் கூட்டும் வாய்ப்பு உண்டு.

கண்ணாடியில் உட்பக்கம் ஆவி: உள்காற்றைச் சுற்றவிடும் பொத்தானை நிறுத்தி, வெளிக்காற்றும் ஏசியும் போடுங்கள். குளிரில் ஏசியா என்று கேட்காதீர்கள், ஈரத்தை உறிஞ்சுவது அதுதான்.

பாதை மாறும்போது கார் ஒரு பக்கம் இழுபடுகிறது: இரண்டு தடத்துக்கும் நடுவில் குவிந்த சேற்று ஸ்நோ. காஸைச் சற்று விட்டு, ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, சரிந்த கோட்டில் மெல்லக் கடவுங்கள்.

கண்ணாடி கழுவும் தண்ணீர் வரவில்லை: கோடையில் ஊற்றிய நீலத் தண்ணீர் உறைந்துவிட்டது. மைனஸ் 35 அல்லது 40 என்று எழுதியதை வாங்குங்கள். லொறி ஒன்றின் பின்னால் 401இல் ஓடும்போது இது வெறும் சில்லறை அறிகுறியாக இராது.

உறைமழை: இதற்கு இங்கே வைத்தியம் இல்லை. 2013 டிசம்பர் ஐஸ் புயலை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும். ஆணி வைத்த ரயர் மட்டுமே கொஞ்சம் பிடிக்கும், தென் ஒன்ராறியோவில் அதைப் போட அனுமதியில்லை. சாவியைக் கொழுவியில் திருப்பிக் கொழுவிவிட்டு, வேலையிடத்துக்கு அழைப்பு எடுங்கள்.